வயிற்று வரிகள்: எண்ணெயால் ஆவதும் ஆகாததும்

கர்ப்பத்தின் ஆறாம் ஏழாம் மாதத்தில், குளித்துவிட்டு ஈரம் துடைக்கும்போது, தொப்புளுக்குக் கீழேயோ இடுப்பின் பக்கவாட்டிலோ முதல் வரி கண்ணில் படும். சிவந்த மேனியில் அது ரோஜா நிறத்தில் இருக்கும். மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் கருஞ்சிவப்பாகவோ கத்தரிப்பூ நிறத்திலோ தெரியும். சில வாரங்களில் ஒன்று பத்தாகும். மார்பிலும் தொடையிலும் பிட்டத்திலும்கூட வரும். உடனே ஆலோசனைகள் குவியும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், கோகோ வெண்ணெய் க்ரீம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "நான் மூணாம் மாசத்துலேர்ந்து விடாம தடவினேன், ஒரு கோடுகூட விழல" என்று ஒருத்தி சொன்னால், தடவாமல் விட்டவளுக்கு ஏதோ தவறு செய்துவிட்டது போல் இருக்கும். அப்படி எண்ண எந்தக் காரணமும் இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வரி விழுவதும் விழாமல் போவதும் பெரும்பாலும் உங்கள் கைக்கு அப்பாற்பட்ட காரணங்களால் தீர்மானமாகின்றன. எண்ணெய்க்கு வேறு நல்ல பயன் உண்டு, தடுக்கும் வேலையை அது செய்வதில்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பணம் மிஞ்சும், மனமும் அமைதிப்படும். உண்மையில் கவலைப்பட வேண்டிய சில அறிகுறிகளைக் கவனிக்கவும் இடம் கிடைக்கும்.

முதலில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாம் தொட்டுப் பார்க்கும் மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். அதன் கீழே இருக்கும் உள்தோல் அதைவிடப் பல மடங்கு தடிமனானது. தோலுக்கு வலுவைத் தரும் கொலாஜன் நார்களும், இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும் எலாஸ்டின் இழைகளும் அங்கேதான் வலைபோல் பின்னியிருக்கின்றன. வரி விழும்போது அறுபடுவது இந்த உள் வலை. மேல்தோல் கிழிவதில்லை, அதனால்தான் ரத்தம் கசிவதோ புண்ணாவதோ கிடையாது. பழைய பாவாடையின் இடுப்புப் பட்டியில் துணி முழுசாக இருக்க, உள்ளே ரப்பர் இழைகள் மட்டும் விட்டுப்போய்த் தளர்ந்திருக்குமே, ஏறக்குறைய அந்த நிலை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துத் தோல் ஆய்வாளர்கள், புதிதாக வரி விழுந்த கர்ப்பிணிகளின் தோலிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து நுண்நோக்கியில் பார்த்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எலாஸ்டின் வலை வெகுவாகச் சிதைந்திருந்தது. உடல் சும்மா இருக்கவில்லை, புதிய எலாஸ்டினுக்கான மூலப்பொருளை உற்பத்தி செய்திருந்தது. ஆனால் அது ஒழுங்கான இழைகளாகச் சேராமல், மெல்லிய நூல் துணுக்குகளாகக் கிடந்தது. பழைய வலை மீண்டும் பின்னப்படவில்லை. வரி ஏன் முழுவதுமாக மறைவதில்லை என்பதற்கான விடை அங்கே இருக்கிறது.

புதிய வரி நிறத்தோடு இருப்பதற்குக் காரணம், அந்த இடத்தில் ரத்த நாளங்கள் விரிந்து லேசான அழற்சி இருப்பது. விரலால் தடவினால் சற்று மேடாகத் தெரியலாம், அரிக்கவும் செய்யலாம். மாதங்கள் போகப் போக அழற்சி அடங்கும். நிறம் வடிந்து, வெள்ளி போல மினுங்கும் மெல்லிய, சற்றே குழிந்த கோடாக மாறும். குறுக்கே மிக நுண்ணிய சுருக்கங்கள் தெரியும். பிரசவமான ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு இந்த மாற்றம் வந்துவிடும். தொப்புளுக்கு மேலும் கீழுமாக நேராக ஓடும் கருங்கோட்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நிறமி கூடியதால் வருவது, தோலில் எதுவும் அறுபடவில்லை, பிரசவத்துக்குப் பிறகு தானாக மங்கிவிடும்.

வயிறு விரிவதால்தான் வரி விழுகிறது என்றால், விரியும் எல்லா வயிற்றிலும் விழ வேண்டுமே? இரட்டைக் குழந்தை சுமந்தும் ஒரு வரியும் இல்லாதவர்கள் உண்டு. சின்ன வயிறாகவே இருந்து குறுக்கும் நெடுக்கும் வரி விழுந்தவர்களும் உண்டு. பருவ வயதில் சட்டென்று உயரும் பையன்களுக்கு முதுகில் கிடைமட்டமாக வரி விழுகிறது. ஆக, இழுவை ஒரு காரணம், அது மட்டுமே காரணமன்று. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், ரிலாக்ஸின், கார்ட்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் உள்தோலின் நார்களைத் தளர்த்துவதில் பங்கு வகிப்பதாகக் கருதப்படுகிறது. அதோடு பிறவியிலேயே எலாஸ்டின் எப்படி அமைந்தது என்பதும் சேர்கிறது. ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 33,930 பேரின் மரபணுக்களை ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வரித் தழும்போடு தொடர்புடையதாகத் தெரிந்த இடங்களில் ஒன்று எலாஸ்டினை உருவாக்கும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆய்வு செய்யப்பட்டவர்கள் நம்மவர்கள் அல்லர் என்பதால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

யாருக்கு அதிகம் வரும் என்று கேட்டால், பலரும் எதிர்பாராத ஒரு விடை கிடைக்கும். வயது குறையக் குறைய வரி கூடுகிறது. பிரிட்டனில் முதல் பிரசவமான பெண்களிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், பதின்வயதினரில் ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான வரிகள் இருந்தன. முப்பதைக் கடந்தவர்களில் அப்படி யாருமே இல்லை. இளந்தோல் தாங்கும், வயதான தோல்தான் தளரும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர் எதிர். இது தவிர, பருவ வயதில் தொடையிலோ மார்பிலோ ஏற்கெனவே வரி இருந்தது, கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடுதலாக இருந்தது, கர்ப்பத்தில் எடை மிக ஏறியது, குழந்தை பெரிதாக இருந்தது, பனிக்குட நீர் அதிகமாக இருந்தது ஆகியவையும் காரணிகளாகச் சொல்லப்படுகின்றன. இந்த வரிசையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வயது, பிறப்பு, பழைய வரி, குழந்தையின் அளவு என்று இவற்றில் பெரும்பாலானவற்றை உங்களால் மாற்ற முடியாது. மாற்ற முடிந்த ஒன்று கர்ப்பத்தில் ஏறும் எடை, அதற்குப் பிறகு வருவோம்.

இனி எண்ணெய், க்ரீம் பற்றிய சான்று. ஒரு பொருள் தடுக்கிறதா என்று அறிய ஒரே நேர்மையான வழி, பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்தப் பொருளையும் மறு பாதிக்கு அதே நிறமும் மணமும் உள்ள வெற்றுக் க்ரீமையும் கொடுத்து, யார் எதைத் தடவுகிறார் என்று அவர்களுக்கோ பரிசோதிப்பவருக்கோ தெரியாமல் வைத்து, கடைசியில் எண்ணிப் பார்ப்பது. கோகோ வெண்ணெய்க்கு இந்தச் சோதனை இரண்டு நாடுகளில் நடந்திருக்கிறது. லெபனானில் முதல் முறை கருவுற்ற 175 பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்டார்கள். கோகோ வெண்ணெய் தடவியவர்களில் 45.1 சதவீதம் பேருக்கும் வெற்று லோஷன் தடவியவர்களில் 48.8 சதவீதம் பேருக்கும் வரி விழுந்தது. ஜமைக்காவில் 300 பெண்களிடம் நடந்து 2010-இல் வெளியானதில் 44 சதவீதமும் 55 சதவீதமும். இரண்டாவதில் வித்தியாசம் இருப்பது போலத் தெரிகிறதே என்று கேட்கலாம். இத்தனை பேரைக் கொண்ட ஆய்வில் அந்த அளவு இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடும் என்பதால் ஆய்வாளர்களே அதைப் பலனாக ஏற்கவில்லை. ஒருவேளை அது உண்மையான பலன்தான் என்று வைத்துக்கொண்டாலும், பத்துப் பேர் மாதக்கணக்கில் தடவினால் ஒருவர் தப்பிப்பார் என்ற கணக்கே வரும்.

இப்படி நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் பணியைச் செய்யும் காக்ரேன் அமைப்பு, கர்ப்பத்தில் வரியைத் தடுக்கத் தடவும் பொருள்களைப் பற்றி 2012-இல் அறிக்கை வெளியிட்டது. 800 பெண்கள் பங்கேற்ற 6 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. எதையும் தடவாதவர்களோடும் வெற்றுக் க்ரீம் தடவியவர்களோடும் ஒப்பிடுகையில், தடவியதால் வரி குறைந்தது என்று சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. ஈரானில் ஆலிவ் எண்ணெயை வைத்து நடந்த சோதனைகளும் அதே இடத்துக்குத்தான் வந்தன. இதில் வியப்பதற்கு அதிகமில்லை. தோலின் மேலடுக்கு வெளிப்பொருள்களை உள்ளே விடாமல் காப்பதற்காகவே அமைந்தது. ஏறத்தாழ 500 டால்டன் எடையைத் தாண்டிய மூலக்கூறுகள் முழுத்தோலின் வழியே உள்ளே போவது அரிது என்பது தோல் மருந்தியலில் வழக்கமாகக் கையாளும் அளவுகோல். கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். "கொலாஜன் கலந்தது" என்று டப்பாவில் அச்சிட்டு விற்கும் க்ரீம் எங்கே போய் நிற்கும் என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றின் கொழுப்பு மூலக்கூறும் 500-ஐத் தாண்டியதுதான். அவை மேல்தோலில் தங்கும், அதை மிருதுவாக்கும். இழை அறுபடும் ஆழத்துக்கு அவை போய் வேலை செய்வதில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு அனுபவத்திலிருந்து வரும். "நான் தடவினேன், எனக்கு வரவில்லை, இதைவிட என்ன சான்று வேண்டும்?" அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஆனால் லெபனான் கணக்கைத் திரும்பப் பாருங்கள். வெறும் லோஷன் தடவியவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் வரி விழவில்லை. அவர்கள் கையில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே புகழ் போயிருக்கும். ஒரு தெருவில் பத்துப் பெண்கள் பத்து விதமான எண்ணெய் தடவினால், நாலைந்து எண்ணெய்கள் "கைகண்ட மருந்து" என்ற பெயரோடு அடுத்த தலைமுறைக்குப் போகும். தடவியும் வரி விழுந்தவர்கள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. சொன்னாலும், "சரியாகத் தடவியிருக்க மாட்டாய்", "லேட்டாக ஆரம்பித்திருப்பாய்" என்ற பதில் தயாராக இருக்கும். தோற்றால் பழி பெண் மேல், ஜெயித்தால் பெருமை எண்ணெய்க்கு. இந்த ஏற்பாடு நியாயமற்றது என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடலில் இவ்வளவு பெரிய வேலை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், செய்யாத குற்றத்துக்காக ஒரு பெண் வருந்தக் கூடாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது, அதை ஒதுக்கித் தள்ள முடியாது. பலன் காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றனவே? இருக்கின்றன. துருக்கியில் 141 பெண்களை வைத்துச் செய்து 2012-இல் வெளியான ஆய்வில், கசப்பு வாதுமை எண்ணெயை மசாஜ் செய்து தேய்த்தவர்களில் 20 சதவீதம் பேருக்கே வரி விழுந்தது. மசாஜ் இல்லாமல் அதே எண்ணெயைப் பூசியவர்களில் 38.8 சதவீதம், எதுவும் பூசாதவர்களில் 41.2 சதவீதம். இதில் எண்ணெய் தனியாக ஏதும் சாதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மசாஜுக்கு ஏதோ பங்கு இருக்கலாம். ஆனால் இது குலுக்கலில் பிரித்து, யாருக்கு என்ன என்று மறைத்து நடத்திய சோதனையன்று. பெரிய, கறாரான சோதனையில் இது நிலைக்கிறதா என்று தெரியும்வரை, நம்பிக்கை தரும் ஒரு குறிப்பு என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். நம் கடைகளில் கிடைப்பது இனிப்பு பாதாம் எண்ணெய், அந்த ஆய்வு எண்ணெய் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

நமக்கு நெருக்கமான இன்னொரு பெயர் வல்லாரை. ஸ்பெயினில் 1991-இல் வெளியான ஆய்வில், வல்லாரைச் சாறு சேர்ந்த க்ரீம் தடவிய 41 பேரில் 14 பேருக்கும் வெற்றுக் க்ரீம் தடவிய 39 பேரில் 22 பேருக்கும் வரி விழுந்தது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் மொத்தம் 80 பேர்தான். அந்தக் க்ரீமில் வல்லாரையோடு வைட்டமின் ஈயும் வேறு பொருள்களும் கலந்திருந்தன, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்த ஆய்வையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் காக்ரேன் அறிக்கை தன் முடிவுக்கு வந்தது. வல்லாரைக் கீரையை அரைத்து வயிற்றில் பூசுவதற்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது. பிரித்தெடுத்து அளவாக்கிய சாறு வேறு, அம்மியில் அரைத்த விழுது வேறு. பச்சை இலை விழுது சிலர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், நீண்டு மெலிந்திருக்கும் வயிற்றுத் தோல் அதற்கு ஏற்ற இடமன்று.

மூன்றாவதை மறுப்பு என்று சொல்வதைவிட வீட்டுக்கு வீடு ஒலிக்கும் எச்சரிக்கை என்று சொல்லலாம்: "சொறியாதே, கோடு விழும்." அரிப்பும் வரியும் சேர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது இது. பார்த்தது சரி, காரணத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். தோல் இழுபட்டு வறளும்போது அரிக்கிறது, உள்ளே இழை அறுபடும்போது வரும் அழற்சியும் அரிக்கிறது. சொறியும் நேரத்தில் வரி ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கிறது, பிறகுதான் மேலே தெரியும். நகம் மேல்தோலைக் கீறலாம், புண்ணாக்கலாம், அந்தப் புண் கறுத்துத் தங்கலாம். உள்தோலின் வலையை அறுக்கும் ஆழம் நகத்துக்குக் கிடையாது. ஆகவே புண்ணாகாமல் இருக்க நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கை தானாகப் போய்ச் சொறிந்துவிட்டதே என்று பதற வேண்டாம்.

எண்ணெயின் உண்மையான இடம் இந்த அரிப்பில்தான். ஈரப்பதம் போகாமல் மேல்தோலைக் காப்பதால் வறட்சி அரிப்பு நன்றாகக் குறையும், இரவில் தூக்கம் வரும். அதற்கு விலையுயர்ந்த குப்பி எதுவும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயோ, மணம் சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசரோ, வாஸ்லீனோ போதும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே உள்ளங்கையால் பூச வேண்டும். முழுதும் உலர்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். சென்னை, மதுரை வெயிலில் எண்ணெய் பிசுபிசுத்து வேர்க்குருவைக் கூட்டினால் லோஷனுக்கு மாறிக்கொள்ளலாம். அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. பருத்தி உடுப்பும், அடிவயிற்றை அறுக்காத நாடாவும், சோப்பைக் குறைப்பதும் எண்ணெய்க்குச் சமமாக உதவும். தடவும் அந்த ஐந்து நிமிடம் தரும் இதமும் சின்ன விஷயமில்லை. வரி விழாது என்ற வாக்குறுதி இல்லாமலே அந்த இதத்தை அனுபவிக்கலாம்.

அரிப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தவறவிடக் கூடாது. வரிகள் உடலுக்குத் தீங்கு செய்வதில்லை, சில அரிப்புகள் செய்யும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு தொடங்கி, இரவில் கூடி, தோலில் தடிப்போ கொப்புளமோ எதுவும் இல்லாமல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கடுமஞ்சளாகப் போவதும் மலம் வெளுப்பதும் சேர்ந்தால் இன்னும் அவசரம். கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடியாமல் ரத்தத்தில் பித்த அமிலம் கூடும் நிலை இது, பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் வரும். பிரிட்டனில் மொத்தக் கர்ப்பங்களில் 0.7 சதவீதத்தில் இது காணப்படுகிறது, அங்குள்ள இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களிடம் 1.2 முதல் 1.5 சதவீதம். பித்த அமிலம் ஒரு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொடும்போது குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது என்று 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடித்தால் கண்காணித்து, தேவைப்பட்டால் பிரசவத்தை முன்கூட்டியே நடத்தலாம். "வயிறு விரியுது, அரிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்லித் தள்ளிப்போட அனுமதிக்காதீர்கள். இதற்கு மாறாக, வரிகளின் மேலேயே சிவந்த சிறு தடிப்புகள் கிளம்பி, தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு வயிறு முழுவதும் பரவும் இன்னொரு அரிப்பு உண்டு. முதல் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் அதிகம் வரும். பாடாய்ப் படுத்தும், ஆனால் குழந்தைக்குத் தீங்கில்லை, பிரசவத்துக்குப் பிறகு அடங்கும். தொப்புளைச் சுற்றித் தொடங்கிக் கொப்புளமாக மாறுவது வேறொரு நோய், அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அரிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கைக்கு வரும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சட்டென்று அரிப்பு நிற்கும், அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் நாட்கணக்கில் தடவினால் தோல் மெலியும், கொலாஜன் குறையும், வரித் தழும்பை அதுவே உண்டாக்கும். வரியைத் தடுக்க நினைத்து வரியை வரவழைத்துக்கொள்ளும் வழி இதைவிட வேறில்லை. 2018-இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. மருத்துவர் பார்த்து, அளவும் நாளும் சொல்லி எழுதிக் கொடுத்தால் ஸ்டீராய்டு பாதுகாப்பானதே, அதற்குப் பயந்து அரிப்போடு தவிக்க வேண்டியதில்லை. விலக்க வேண்டிய இன்னொன்று ரெட்டினாய்டு வகை. ட்ரெட்டினாயின், அடாப்பலீன், ரெட்டினால் என்ற பெயர்களில் முகப்பரு, சுருக்கப் பூச்சுகளில் வரும். இவ்வகையின் மாத்திரை வடிவம் கருவுக்குக் கடும் ஊனங்களை உண்டாக்கும் என்பது உறுதியானது. பூச்சையும் கர்ப்பத்தில் தவிர்ப்பதே வழக்கம்.

எடைக்கு வருவோம். மிக வேகமாக எடை ஏறுவது வரியைக் கூட்டும் காரணிகளில் ஒன்று என்றதும், சிலர் சோற்றைக் குறைக்கத் தொடங்கிவிடுவார்கள். அது பெரிய தவறு. கர்ப்பத்துக்கு முன் உயரத்துக்கேற்ற எடையில் இருந்தவர்களுக்கு 11.5 முதல் 16 கிலோ வரையும், மெலிந்திருந்தவர்களுக்கு 12.5 முதல் 18 கிலோ வரையும், கூடுதல் எடை உள்ளவர்களுக்கு 7 முதல் 11.5 கிலோ வரையும் ஏறலாம் என்று 2009-இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வரையறுத்தது. நம் மருத்துவர்கள் பலர் சராசரியாக 10 முதல் 12 கிலோ என்பார்கள். உங்கள் மருத்துவர் சொல்லும் அளவுக்குள் சீராக ஏறினால் அதுவே போதும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் ரத்தசோகையுள்ள தாய்களும் இன்னும் ஏராளமாக இருக்கும் நாட்டில், தோலின் கோடுகளுக்காக ஒரு கர்ப்பிணி பட்டினி கிடப்பதை எந்த அழகும் நியாயப்படுத்தாது. "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற திணிப்பும் வேண்டாம், முட்டை, பருப்பு, கீரை, பால் என்று தரத்தைக் கூட்டுங்கள். அப்படிச் செய்தும் வரி விழலாம்.

பிரசவத்துக்குப் பிறகு பழஞ்சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டும் வழக்கம் இடுப்புக்குத் தாங்கலாக இருக்கலாம். வரியை அது மறைப்பதில்லை, இழைகள் அறுந்து முடிந்த கதை அது. முதல் ஒரு வருடம் எதுவும் செய்யாமல் பொறுத்திருப்பதே பெரும்பாலானவர்களுக்குச் சரியான முடிவு. நிறம் தானாக வடியும், அந்தக் காலத்தில் எந்தக் க்ரீமைத் தடவியிருந்தாலும் அதுதான் வடித்தது என்று தோன்றும். அதன் பிறகும் மனதை உறுத்தினால் சிகிச்சை தேடுவதில் தவறேதும் இல்லை. "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 0.1 சதவீத ட்ரெட்டினாயின் பூச்சை 22 பேரிடம் ஆறு மாதம் சோதித்து 1996-இல் வெளியிட்டார்கள். இன்னும் நிறம் வடியாத புதிய வரிகளில் நீளம் சராசரியாக 14 சதவீதமும் அகலம் 8 சதவீதமும் குறைந்தன. மறையவில்லை, குறைந்தன. வெண்மையாகிவிட்ட பழைய வரியில் இதற்கும் பலன் சொற்பம். பாலூட்டும்போது தவிர்க்கச் சொல்வதால், பலன் தரக்கூடிய காலமும் பாலூட்டும் காலமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. பாலா பூச்சா என்றால் பாலுக்கே முன்னுரிமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

லேசரும் நுண்ணூசிச் சிகிச்சையும் அடுத்தவை. 585 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சும் லேசர் புதிய வரியின் சிவப்பைக் குறைக்கும். தோலில் நுண்துளைகளாகச் சூடேற்றும் லேசர்களும் நுண்ணூசியும் கொலாஜனைத் தூண்டி, பழைய வரியின் குழிவை ஓரளவு நிரப்பும். பல அமர்வுகள் வேண்டும், செலவும் கணிசம். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் லேசரில் தனி ஆபத்து ஒன்று உண்டு. சூடு பட்ட இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கலாம், வெள்ளிக் கோடு இருந்த இடத்தில் கரும்பட்டை வந்து சேரும். எனவே அழகு நிலையத்தில் செய்துகொள்ளாதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள். நம் நிறத் தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். செய்து பல மாதங்கள் கழித்து, ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். மறைவான ஓர் இடத்தில் சிறு அளவில் செய்து, சில வாரம் பொறுத்து, கறுக்கிறதா என்று பார்த்த பிறகே முழுச் சிகிச்சைக்குச் சம்மதியுங்கள். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இந்தச் செலவைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம், அடுத்த கர்ப்பத்தில் புதிய வரிகள் வரக்கூடும். ட்ரெட்டினாயின் தடவிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த கருவுக்கு முயலத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்திவிட வேண்டும்.